15 ராத்தல், 6.8 கிலோ

மலேசியாவின் ரந்தாவ், பகாவ், போர்ட் டிக்சன் பக்கத் தோட்டங்களில் ரப்பர் கோலோச்சிய காலத்தில், பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொடங்கி, வெயில் ஏறியபின் பால் ஸ்டோரில் முடியும். நிரை நிரையாக மங்குகளில் வடிந்த பால் வாளிகளில் சேர்ந்து, காண்டாக் கம்பில் ஏறித் தோளில் வந்து இறங்கும். வாளியின் கனத்தைத் தோள் சொல்லிவிடும். அதில் ரப்பர் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான்; நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மங்கில் மழை விழுந்தால் அதுவும் குறையும். இதை அளக்கத்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, கருவியை மிதக்கவிட்டு, அது காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் கூடக்கூட மிதவை ஆழமாக அமிழும். அந்தக் கோட்டைக் கண் எந்த உயரத்தில் நின்று படிக்கிறது, நுரை ஒதுங்கியதா என்பதெல்லாம் அன்றைய கூலியைத் தொடும் விஷயங்கள்.

பழைய கணக்கில் 5 கேலன் பால், கேலனுக்கு 3 ராத்தல் ரப்பர் என்றால் மொத்தம் 15 ராத்தல். மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. அதே பால் இப்போது 22.7 லிட்டர், லிட்டருக்கு 300 கிராம், ஆக 6.8 கிலோ. பதினைந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஆறே முக்கால் சொச்சம் என்பது பாதிக்கும் கீழ். ரப்பர் ஒரு துளியும் குறையவில்லை. ராத்தலுக்கு 100 சென் என்ற விலை, கிலோவுக்கு 220 சென் ஆகியிருந்தால் பணமும் ஏறக்குறைய அதேதான். எடையோடு விலையும் மாறியதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கே அந்தக் கணக்கு விளங்கும். அதை ஸ்டோர் வாசலிலேயே விளக்கிச் சொல்வது கணக்கெழுதும் கிராணியின் கடமை.

அடுப்படியில் இவ்வளவு துல்லியம் தேவையில்லை. தேநீருக்கு ஊற்றும் டின்பாலின் காலி டின்தான் பல வீடுகளில் அரிசி அளக்கும் படி. தலைதட்டி அளந்தால் ஒரு டின்னில் சுமார் கால் கிலோ. நாலு டின் ஒரு கிலோ. பழைய சுப்பாக்குப் படியும் ஏறக்குறைய அந்த நாலு டின் அளவுதான். சந்தையில் காத்தி என்ற சொல் காதில் விழுந்தால், 5 காத்தி 3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு காத்தி 604.79 கிராம் என்பதால் பிசகு 24 கிராம்தான், ஒன்றிரண்டு சின்ன வெங்காயம்.

தோட்டத்து நிலத்துக்கு இந்தத் தாராளம் ஆகாது. 5 ஏக்கர் 2 ஹெக்டர் என்பது கைக்கடக்கமான கணக்கு. ஆனால் அதே கணக்கில் 1,000 ஏக்கரை 400 ஹெக்டர் என்று எழுதினால், உண்மையான 404.7-இல் 4.7 ஹெக்டர் காணாமல் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட நிலங்களில், ஹெக்டருக்கு 136 மரம் என்று வைத்தாலும், அந்த இடைவெளியில் சுமார் 640 மரங்கள் நிற்கும். அத்தனைக்கும் உரம் போட வேண்டும், குலை வெட்ட வேண்டும்.