பலூ தம்பி: ஒரு டிசைன் ஸ்டுடியோ எழுத்துருவைச் சும்மா கொடுத்தா யாருக்கு என்ன லாபம்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பட்டன்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆப்ல தமிழைச் சேர்த்தோம். இங்கிலீஷ்ல 'சேவ்'னு இருந்த பட்டன் தமிழ்ல 'சேமி' ஆச்சு. ரெண்டே எழுத்துதானே, என்ன ஆகிடப்போகுதுன்னு நினைச்சோம். டெஸ்ட் போன்ல திறந்து பார்த்தா, 'மி'க்கு மேலே இருக்கிற வளைவு வெட்டுப்பட்டு 'சேம'ன்னு நிக்குது. பட்டனோட உயரம் இங்கிலீஷ் எழுத்தை மட்டும் மனசுல வச்சு முடிவு பண்ணினது.

வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, 'முக்தா மலர்'னு ஒரு எழுத்துருவைப் போட்டோம். சரியாயிடுச்சு. அந்த எழுத்துருவுக்கு நாங்க ஒரு ரூபாய் கொடுக்கல. யார்கிட்டயும் அனுமதி வாங்கல. அதைச் செஞ்சது யாருன்னுகூட அன்னைக்கு யாரும் தேடிப் பார்க்கல. இந்த எபிசோடை அந்தத் தாமதமான நன்றின்னு வச்சுக்கோங்க.

யார் செஞ்சது?

முக்தா மலரை உருவாக்கியது மும்பையில் இருக்கும் 'ஏக் டைப்' என்ற எழுத்துரு வடிவமைப்பாளர்கள் குழு. சாரங் குல்கர்ணி, கிரிஷ் தள்வி, நூபுர் தாத்யே ஆகியோர் இதன் முக்கியமான ஆட்கள். சாரங் 'ஒயிட்க்ரோ' என்ற டிசைன் ஸ்டுடியோவை ஆரம்பிச்சவர். கிரிஷ் தள்வி ஐஐடி பம்பாயின் டிசைன் பள்ளியில் பாடம் எடுப்பவர். பிராண்டுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இந்திய மொழிகளில் எழுத்து வடிவமைச்சுக் கொடுப்பது இவங்க தொழில். அதாவது, காசு வாங்கிச் செய்யத் தெரிந்த வேலையைத்தான் சும்மாவும் கொடுத்திருக்காங்க.

எவ்வளவு கொடுத்திருக்காங்கன்னு பாருங்க. 2014இல் தேவநாகரிக்கு மட்டும் 'ஏக் முக்தா'ன்னு ஆரம்பிச்சது. அப்புறம் குஜராத்திக்கு 'முக்தா வாணி', குர்முகிக்கு 'முக்தா மாஹி', தமிழுக்கு 'முக்தா மலர்'. ஒவ்வொன்றும் மெலிசிலிருந்து தடிமன் வரை 7 எடைகளில்.

அடுத்தது 'பலூ'. கரடிக்குட்டி மாதிரி குண்டான, செல்லமான எழுத்து. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் உருதுவும் சேர்த்து மொத்தம் 10 எழுத்துருக்கள். பேர் வச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குஜராத்திக்கு பலூ பாய், வங்காளத்துக்கு பலூ தா, பஞ்சாபிக்கு பலூ பாஜி, மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு. நமக்கு? பலூ தம்பி! ஒவ்வொரு ஊரிலும் மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுற உறவுமுறையே எழுத்துருவோட பேர்.

அதுக்கு அப்புறம் 2022இல் 'அனேக்' கூகுள் ஃபான்ட்ஸுக்கு வந்தது. இது வேரியபிள் ஃபான்ட். ஒரே ஃபைலுக்குள்ள தடிமனையும் அகலத்தையும் ஒரு ஸ்லைடர் மாதிரி நகர்த்திக்கலாம். தமிழ்ல நீளமான வார்த்தை வந்து பட்டனுக்குள்ள அடங்கலைன்னா, எழுத்தைச் சின்னதாக்காம அகலத்தை மட்டும் குறைச்சுக்கலாம். 'அமைப்புகள்'ங்கிற வார்த்தையை மொபைல் மெனுவுக்குள்ள திணிச்சுப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஒரு தமிழ் எழுத்துருவில் என்ன அவ்வளவு வேலை?

நியாயமான கேள்வி. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. இதெல்லாம் நமக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு. கம்ப்யூட்டர் இந்த 247ஐயும் தனித்தனியா சேமிக்கிறது இல்லை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கின இடமே 128 குறியீடுகள்தான், அதிலும் பல காலி. 'கொ'ன்னு நீங்க டைப் பண்ணினா உள்ளே இருக்கிறது 'க'வும் ஒரு உயிர்க்குறியும். திரையில காட்டும்போதுதான் அந்தக் குறி ரெண்டா உடைஞ்சு, ஒற்றைக் கொம்பு முன்னாடி போய், கால் பின்னாடி வந்து உட்காருது. இந்த வித்தையைச் செய்ய ஹார்ஃபஸ் மாதிரி ஒரு மென்பொருள் இருக்கு. ஆனா அது சரியா வேலை செய்யணும்னா எழுத்துருவுக்குள்ள அதுக்கான வடிவங்களும் விதிகளும் இருக்கணும்.

உகரம், ஊகாரத்தை எடுத்துக்கோங்க. கு, சு, டு, பு, மு, னு. மெய்க்கு மெய் வடிவம் மாறுது. 18 மெய்க்கும் ரெண்டு ரெண்டு, ஆக 36 வடிவம் தனியா வரையணும். 'டி', 'டீ'யும் தனி. தடிமனான எழுத்துன்னா இன்னும் சிக்கல். 'ண'வில் இருக்கிற சுழிகளைப் பாருங்க. கோட்டை கனமாக்கக் கனமாக்கச் சுழிக்கு நடுவுல இருக்கிற வெள்ளை இடம் அடைச்சுக்கும். பலூ மாதிரி குண்டு எழுத்துல அந்த ஓட்டையைக் காப்பாத்துறதே பாதி வேலை. அதை 14 பிக்சலிலும் படிக்கணும், பேனர் அளவிலும் பார்க்க நல்லா இருக்கணும். வாரக் கடைசியில் உட்கார்ந்து முடிக்கிற விஷயம் இல்லை.

சும்மா கொடுக்கிறதுக்கும் திறந்து கொடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் என் இன்ஜினியர் மூளை உட்காருது. இணையத்தில் 'இலவச' தமிழ் எழுத்துரு ரொம்ப நாளாவே கிடைக்குது. யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பாமினி, டிஸ்கின்னு ஆளுக்கு ஒரு குறியீட்டு முறை. அந்த முறையில் அடிச்ச கல்யாணப் பத்திரிகை வாசகத்தை இன்னைக்கு வாட்ஸ்அப்பில் ஒட்டினா, தமிழுக்குப் பதிலா புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் வரும். அன்னைக்குக் கிடைச்ச பல எழுத்துருக்களோட நிலைமையும் அதுதான். செஞ்சவர் யாரு, மூலக் கோப்பு எங்கே, திருத்தலாமா கூடாதான்னு ஒண்ணும் தெரியாது. கொடுத்தவர் ஒதுங்கிட்டா எழுத்துருவும் அங்கேயே நின்னுபோகும்.

ஏக் டைப் தன் எழுத்துருக்களைக் கொடுத்திருப்பது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தின் கீழ். இப்போது புழக்கத்தில் உள்ள 1.1 பதிப்பு 2007இல் வந்தது. சாரத்தைச் சொல்றேன்.

நீங்க அந்த எழுத்துருவை எங்கே வேணும்னாலும், வியாபாரத்துக்கும் சேர்த்துத்தான், பயன்படுத்தலாம். திருத்தலாம். உங்க ஆப்போட சேர்த்து அனுப்பலாம். அதை வச்சு அச்சடிச்ச புத்தகம் முழுக்க உங்களோடது, உரிமம் அதுக்குள்ள வராது. ஆனா எழுத்துருவைத் தனியா எடுத்து விற்கக் கூடாது. நீங்க திருத்தினதை வெளியிட்டா அதுவும் இதே உரிமத்தில்தான் வெளியே போகணும். மூல ஆசிரியர் ஒரு பேரை 'ஒதுக்கப்பட்டது'ன்னு அறிவிச்சிருந்தா, உங்க திருத்தத்துக்கு அந்தப் பேரை வைக்கக் கூடாது.

அந்தத் திருத்தம் பற்றிய விதியைக் கவனிங்க. ஒருத்தர் கிணறு வெட்டி ஊருக்கு விட்டார், அடுத்து வர்றவர் அதைத் தூர்வாரலாம், ஆழப்படுத்தலாம், ஆனா பூட்டுப் போடக் கூடாது. அவ்வளவுதான். பலூ, முக்தா, அனேக் மூணோட மூலக் கோப்புகளும் கிட்ஹப்பில் இருக்கு. நாளைக்கு ஏக் டைப் கடையை மூடினாலும் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருத்தர் எடுத்துத் தொடரலாம்.

ஒரு நிறுவனம் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்குதுன்னு சொன்னா நான் இப்போ ஒரு கேள்விதான் கேட்கிறேன். கொடுத்தவர் எழுந்து போன பிறகும் அது வேலை செய்யுமா? வருஷத்துக்கு ஒரு நாள் ஒரே கலர் டி-ஷர்ட் போட்டு, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துட்டு, தண்ணி ஊத்த ஆள் வைக்காமப் போறதை நாம எல்லாரும் ஆபீஸ்ல பார்த்திருக்கோம். நானும் அந்த போட்டோவில் நின்னிருக்கேன்.

தொழில்காரர்களுக்கு என்ன கிடைக்குது?

எழுத்துரு பொதுமக்களுக்குன்னா, சக வடிவமைப்பாளர்களுக்கு? அங்கேயும் ஒரு வேலை நடக்குது. 'அக்ஷராயா'ன்னு இந்திய எழுத்துகள் மேல காதல் கொண்டவங்க சேர்ந்த ஒரு அமைப்பு, சாரங் குல்கர்ணியும் அதில் ஒருத்தர். ஐஐடி பம்பாயின் டிசைன் பள்ளி 2008இல் ஆரம்பிச்ச 'டைப்போகிராஃபி டே' மாநாட்டுக்கு இந்த அமைப்பும் தோள் கொடுத்து வந்திருக்கு. பட்டறைகள், மாணவர்களோட கட்டுரைகள், வெவ்வேறு எழுத்துமுறைக்காரங்க ஒரே அறையில் உட்கார்ந்து பேசுறது.

இது ஏன் முக்கியம்னா, நம்ம ஊர்ல டிசைன் படிக்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ 'தமிழ் எழுத்துரு வடிவமைப்பு'ன்னு பாடம் சுலபத்தில் கிடைக்காது. முடிஞ்சுபோன எழுத்துருவோட மூலக் கோப்பைத் திறந்து, 'ழ'வோட வளைவை இவங்க எப்படி முடிச்சிருக்காங்கன்னு பார்க்கிறதே ஒரு வகுப்பு. நான் கோடு எழுதக் கத்துக்கிட்டதும் அப்படித்தான், அடுத்தவங்க ஓப்பன் சோர்ஸைப் படிச்சுத்தான்.

சரி, தெருவுக்கு?

எழுத்துங்கிறது திரையில மட்டும் இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர் வர்றதுக்கு முன்னாடி கடைப் பலகை, லாரி பின்பக்கம், சுவர் விளம்பரம் எல்லாத்தையும் கையால எழுதின ஓவியர்கள் இருந்தாங்க. பிரிண்டிங் மலிவானதும் அவங்க வேலை போச்சு. அந்தத் தெருவுக்கு யார் என்ன திருப்பிக் கொடுத்தாங்கன்னு தேடினா டெல்லியில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்குது.

ஹனிஃப் குரேஷி விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்த டிசைனர். அவர் 'ஹேண்ட்பெயிண்டட் டைப்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சார். பலகை ஓவியர்கிட்ட போய் முழு எழுத்து வரிசையையும் அவர் பாணியில் எழுதி வாங்கி, அதை டிஜிட்டல் எழுத்துருவா மாத்தி, ஓவியரோட பேரையே அதுக்கு வச்சார். விற்கிற காசில் ஒரு பங்கு ஓவியருக்கு. ஹனிஃப் 2024இல் காலமானார். ஆனா அந்த எழுத்துகளும், அவற்றின் மேல் இருக்கும் ஓவியர்களின் பேர்களும் இருக்கு.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏக் டைப் தன்னோட உழைப்பைத் தானே திறந்து விட்டது. அது அவங்க சொத்து, அவங்க முடிவு. ஓவியர் விஷயத்தில் உழைப்பு இன்னொருத்தரோடது. அதை எடுத்து 'சமூகத்துக்கு இலவசம்'னு விட்டா அது கொடுக்கிறது இல்லை, எடுக்கிறது. அதனால அங்கே காசும் பேரும் திரும்பிப் போகணும். நம்ம ஊர்ல கோலத்தையோ பலகை எழுத்தையோ போட்டோ எடுத்துப் போஸ்டர் பண்றவங்க இதை யோசிக்கணும்.

இலவசத்தின் இன்னொரு பக்கம்

இவங்களுக்கு இதுல லாபமே இல்லையான்னா, இருக்கு. அதுல தப்பும் இல்லை. லட்சக்கணக்கான திரைகளில் இருக்கிற எழுத்துருவைவிடப் பெரிய விசிட்டிங் கார்டு எது? அதைப் பார்த்துட்டு ஒரு நிறுவனம் தனி எழுத்துரு கேட்டு வரலாம். திறந்த எழுத்துருக்களுக்கு கூகுள் மாதிரி பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துச் செய்யச் சொல்றதும் உண்டு. யாரோ ஒருத்தர் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தாத்தான் 36 உகர வடிவமும் வரையப்படும்.

ஆனா ஒரு உறுத்தலும் இருக்கு. நல்ல எழுத்துரு சும்மா கிடைக்குதுன்னு பழகிட்டா, 'தமிழ் எழுத்துருவுக்கு எதுக்குக் காசு?'ன்னு வாடிக்கையாளர் கேட்பார். தனியா உட்கார்ந்து தமிழ் எழுத்துரு செய்து விற்கும் வடிவமைப்பாளருக்கு அது வயித்துல அடிக்கிறது. இதுக்கு என்கிட்ட சுத்தமான பதில் இல்லை. திறந்த எழுத்துரு தரைத்தளம், அதுக்கு மேல கட்டுறதுக்குக் காசு கொடுக்கணும். இப்போதைக்கு நான் பிடிச்சுக்கிட்டு இருக்கிற கணக்கு இதுதான்.

கடைசியா, நம்ம பக்கத்துல இருந்து மூணு வேலை. ஒண்ணு, உங்க ஆப்லயோ வெப்சைட்லயோ திறந்த எழுத்துரு இருந்தா, 'பற்றி' பக்கத்தில் பேரைப் போடுங்க. ரெண்டு, ஏதாவது எழுத்து உடைஞ்சு தெரிஞ்சா ஸ்கிரீன்ஷாட்டோட கிட்ஹப்பில் சொல்லுங்க. மும்பையில் இருக்கிறவங்களைவிட 'ஸ்ரீ' தப்பா வருதுன்னு உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். மூணு, உங்க கம்பெனி லோகோவுக்குத் தமிழ் வேணும்னா, ஒரு தமிழ் எழுத்து வடிவமைப்பாளரைக் காசு கொடுத்துக் கூப்பிடுங்க.

இந்த எபிசோட் எழுதும்போது நான் போய் முதல் வேலையை முடிச்சேன். இப்போ நான் சொந்தமா நடத்துற சைட்டோட அடியில ஒரு வரி இருக்கு: 'எழுத்துரு: முக்தா மலர், ஏக் டைப்.' அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அதைச் செய்ய எனக்குச் சில வருஷம் ஆயிருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.