விதைநெல் போல கைமாறும் ஃபைல்!

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பர்ய விதை வாங்கும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். 'நெல்' ஜெயராமன் வளர்த்த இந்த முறையில், விதை ஒரே கிடங்கில் முடங்காது. 2001-ம் ஆண்டு வந்த பிட்டோரன்ட் ஃபைல் பகிர்வும் இப்படித்தான். வாங்குபவரே அடுத்தவருக்கும் கொடுப்பார். முழு ஃபைலையும் வைத்திருப்பவருக்கு அங்கேயும் 'விதைப்பவர்' என்றே பெயர்.

திருநள்ளாறு பகுதியில் புயலால் டவர் செயலிழந்தாலும், பக்கத்தில் இருப்பவரின் செல்போனுக்கு புளூடூத், குயிக் ஷேர் மூலம் சாகுபடிக் குறிப்பு, வீடியோவை அனுப்பலாம். டேட்டா செலவில்லை. ஆனால், கலப்பு விதை வயலைக் கெடுப்பதுபோல, போலி ஃபைல் வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடும். பி.எம்.கிசான் பெயரில் 'ஏ.பி.கே' ஃபைல் வந்தால், தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் திறக்காதீர்கள். பணம் பறிபோனால், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.