சருகு நெருப்பும் சட்டத்தின் 30-ஆம் பிரிவும்

தை பிறந்து பனி வடியும் நாட்களில் காட்டுத் தரைக்குத் தீ வைப்பது சோளகர் பழங்குடியினரின் பழைய வழக்கம். அவர்கள் அதைத் ‘தரகு பெங்கி’ என்பார்கள். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றாத அந்தப் பருவத்தில் மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். தீ சருகை மேய்ந்துவிட்டு, மரத்தில் ஏறாமல் தானாக அடங்கிவிடும். புதர் கருகும். அடுத்த மழையில் புல் தளிர்க்கும், மான்கள் மேய வரும்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி எழுந்து நிற்கிறது பிளிகிரி ரங்கன் மலை. சோளகர்கள் மலையின் இருபுறமும் வாழ்கிறார்கள். காடு அவர்களுக்கு ‘எல்லெ’ எனப்படும் குல எல்லைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் எல்லெக்குள்ளும் தெய்வம், மாரம்மா, வீரு, நீர்ச்சுனை, மூதாதையர் கல் எனத் தனித்தனி இடங்கள் உண்டு. எந்தக் குலம் எந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே அடக்கம்.

1974-இல் மலை சரணாலயமானது. உள்காட்டில் இருந்தவர்கள் சாலையோரப் போடுகளுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, இறக்கப்பட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 30-ஆம் பிரிவில், சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் யாரும் அதற்குள் தீ மூட்டக் கூடாது என்கிறது. வேட்டைக்காரனும் அஜாக்கிரதையான பயணியும் போடும் தீயைத் தடுக்கப் பொருத்தமான வரி அது. காட்டைப் பராமரிக்கப் போடும் தீயும் அதே வரிக்குள் சிக்கிக் குற்றமாயிற்று.

தீ நின்றதும் காடு மாறத் தொடங்கியது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டி, புல்லையும் இளங்கன்றுகளையும் மூடியது. நெல்லி மரங்களில் ‘உப்பிலு’ என்னும் புல்லுருவி ஏறிக் காய்ப்பைக் குறைத்தது. நெருப்பு நின்றதுதான் காரணம் என்று சோளகப் பெரியவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆய்வாளர்கள் முதலில் வேறு மாதிரி நினைத்தார்கள்: அடிக்கடி எரிவதால்தான் உண்ணிச்செடி பரவுகிறது என்று ஒரு கருதுகோள் இருந்தது. பிறகு சோளகர் அறிவையும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், தீ எந்தப் பருவத்தில் எப்படிப் போடப்பட்டது என்பதே முக்கியம் என்று தெரிந்தது.

இங்கேதான் பருவநிலை வருகிறது. வெயில் ஏறி, வறட்சி நீளும்போது காட்டுத் தரையில் சேர்ந்து கிடக்கும் சருகும் காய்ந்த உண்ணிச்செடியும் வெடிமருந்துக்குச் சமம். அக்கம்பக்கத்துப் பந்திப்பூர் 2019 பிப்ரவரியில் எப்படி எரிந்தது என்று பார்த்தோம். அத்தகைய தீ மரத்தையும், மரம் சேமித்த கரியையும் ஒரே வாரத்தில் வானத்துக்கு அனுப்பிவிடுகிறது.

சட்டம் திருந்தவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாசிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 3(1)(ஐ) பிரிவில் எழுதியது. 2011-இல் பிளிகிரி ரங்கன் மலைச் சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. மலை அப்போது புலிகள் காப்பகமும் ஆகியிருந்தது; ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. தேன், நெல்லி, பாசி எடுக்கும் உரிமை திரும்பி வந்தது சிறிய வெற்றி அல்ல.

தீ மட்டும் வரவில்லை. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் இந்த உரிமைகள் நிற்கும் என்கிறது அதே சட்டத்தின் 4(1) பிரிவு. இது பிற சட்டங்களைக் குறைப்பதற்கு அல்ல என்கிறது 13-ஆம் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் சோளகர் கையில் தீப்பெட்டி சட்டவிரோதமாகவே இருக்கிறது. வனத்துறையோ ஆண்டுதோறும் தீத்தடுப்புக் கோடு எரிக்கிறது. ஒரே நெருப்பு, போடுகிற ஆளைப் பொறுத்துப் பாதுகாப்பாகவும் குற்றமாகவும் ஆவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலத்தில் பழங்குடியினர் இதே போல வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் தீயிடுகிறார்கள். அப்பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ குறைவதால் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைகின்றன. 2006-இல் அங்கே ஒரு எரிவாயு ஆலை தன் உமிழ்வுக்கு ஈடாக அந்த வேலைக்குப் பணம் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. 2011-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய கார்பன் வேளாண்மைச் சட்டத்தின் கீழ், அந்தத் தீயிடல் கணக்கிட்டுச் சான்று பெறும் பருவநிலை நடவடிக்கையாகவே ஆனது.

நாம் 2030-க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைப் பிடிப்போம் என்று உலகுக்குச் சொல்லியிருக்கிறோம். பருவநிலை மாற்றத்தின் தீமைகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. ஆனால் காடு சார்ந்த நம் பருவநிலைப் பேச்சு பெரும்பாலும் கன்று நடுவதோடு நின்றுவிடுகிறது. இருக்கிற காடு எரியாமல் காக்கும் கைகளுக்குச் சட்டம் இடம் தரவில்லை.

இன்று உடனே பழையபடி தீ வைக்க முடியாது, அதுவும் உண்மை. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் சிறு தீயும் மரத்தின் உச்சிவரை ஏறும். முதலில் புதரை வெட்டி அகற்ற வேண்டும். பிறகு கிராம சபையும் வனத்துறையும் சேர்ந்து சிறு பகுதிகளில் தொடங்க வேண்டும். கிராம சபை தன் காட்டுக்கு மேலாண்மைத் திட்டம் வகுக்க வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகள் ஏற்கெனவே வழி செய்துள்ளன. அத்திட்டப்படி இடும் தீ 30-ஆம் பிரிவில் சேராது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த ஒரு வரிக்கு அதிக காலம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில், இருபது வயதில், காற்றின் திசை பார்த்துச் சருகுக்குத் தீ வைத்தவர்களுக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது.