உங்களுக்குத் தெரியுமா? – தோட்டா எங்கே போய் நிற்கும்?

போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு சிறு பாலத்தைத் தாண்டினால் சாத்தம் தீவு. 1883-ல் தொடங்கிய மர அறுவை ஆலைதான் அதன் அடையாளம். அங்கே ஆகட்டும், நம் ஊர்க் கடைத்தெருவில் ஆகட்டும், ரோந்து போகும் காவலரின் தோளில் தொங்கும் ரைஃபிள் நம் கண்ணில் படுகிறது. அதற்குள் இருக்கும் தோட்டா படுவதில்லை. ஆனால் ஆபத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிப்பதில் அந்தத் தோட்டாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

● சாத்தத்தின் வரலாற்றிலேயே ஒரு தோட்டா இருக்கிறது. என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம்மில் கிளம்பியது. மீரட்டில் 85 குதிரை வீரர்கள் தங்களுக்குக் கொடுத்த தோட்டாவைத் தொட மறுத்தார்கள். கிளர்ச்சி வெடித்தது. மறு வருடம் மார்ச் 10-ம் தேதி கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட 200 கைதிகளோடு கப்பல் அந்தமான் வந்து சேர்ந்தது. அவர்கள் முதலில் காடு வெட்டியது சாத்தத்தில்தான். குடிநீர் போதாததால் குடியிருப்பின் தலைமையிடம் பிறகு ராஸ் தீவுக்குப் போனது.

● அதே டம்டம் இன்னொரு தோட்டாவுக்கும் பெயர் கொடுத்தது. எதிரியின் உடம்பில் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடுகிறது என்று 303 ரைஃபிளின் தோட்டா மேல் பிரிட்டிஷ் படையினர் குறை சொன்னார்கள். 1890-களில் டம்டம் தொழிற்சாலை, நுனியில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு தோட்டாவைச் செய்தது. அது உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து கொடிய காயம் உண்டாக்கும். 1899-ல் ஹேக் மாநாடு இத்தகைய தோட்டாக்களைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது.

● போரில் கூடாது என்ற விரியும் தோட்டாவைப் பல நாடுகளின் போலீஸ் விரும்பி வாங்குகிறது! நியூயார்க் போலீஸ் தன் கைத்துப்பாக்கிகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது 1998-ல். முழு உலோக உறை போட்ட தோட்டா குற்றவாளியைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் தாக்கிவிடும்; விரியும் தோட்டா பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும் என்பதுதான் காரணம். போர்க்களத்தில் எதிரே நிற்பவன் எதிரி. கடைத்தெருவில் குற்றவாளிக்குப் பின்னால் நிற்பவர் காய்கறி வாங்க வந்தவர். போலீஸ் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியவர் அவர்தான்.

● 303 தோட்டாவின் முனைக் குண்டு ஏறத்தாழ 11 கிராம். எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் குண்டு 9 கிராமுக்குச் சற்று மேல். இன்சாஸ் ரைஃபிளின் 5.56 மி.மீ. குண்டு சுமார் 4 கிராம்தான். ஆனால் வேகம் வினாடிக்கு 900 மீட்டரை ஒட்டியது. மூன்றுமே குறி தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடியவை. சாத்தம் படகுத்துறையில் நின்றால் எதிரே பம்பூ பிளாட் கரை தெரிகிறது. இடையில் மக்களும் வண்டிகளும் ஏறிய படகு போய்வருகிறது. இங்கே தவறிப் பறக்கும் ரைஃபிள் தோட்டா அக்கரை வரைக்கும் போகும். வழியில் பலகைச் சுவர் இருந்தாலும் துளைத்துக்கொண்டு போகும்.

● ஏ.கே. 47-க்கும் 7.62. எஸ்.எல்.ஆருக்கும் 7.62. ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் போடலாமா? முடியவே முடியாது. 7.62 என்பது குழலின் உள்விட்டத்தை மி.மீ.யில் சொல்லும் கணக்கு. பித்தளைக் கூட்டின் நீளம் எஸ்.எல்.ஆருக்கு 51 மி.மீ., ஏ.கே.வுக்கு 39 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 12 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனால் தோட்டா வழங்கும்போது விட்டத்தோடு நீளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

● நம் போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் என்றே ஒரு துப்பாக்கி இருந்தது: 410 மஸ்கட். மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 303 ரைஃபிளையே மாற்றிச் செய்தார்கள். குழலுக்குள் சுழல் வரிகள் கிடையாது. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இருக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். தூரமும் குறைவு. காவல் பணிக்குத் தேவையான வேகமும் தூரமும் போருக்கு வேண்டியவற்றிலிருந்து வேறு என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

● காவலரின் ஆயுத பலம் தேவைக்குக் குறைந்தாலும் ஆபத்துதான். 2008 நவம்பர் 26-ல் மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கிகளோடு வந்தவர்களை எதிர்கொண்ட காவலர்கள் சிலரிடம் பழைய 303-தான் இருந்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய ரைஃபிள் அது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 303-க்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

● தோட்டாவுக்கு உப்புக்காற்று பகை. அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஈரம் பட்ட பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பு படியும். மருந்துக்குள் ஈரம் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். அதனால்தான் கூட்டின் வாயிலும் அடியிலுள்ள தீமூட்டியைச் சுற்றியும் அரக்குப் பூச்சு பூசுகிறார்கள். தீவுகளில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், பழைய இருப்பைப் பயிற்சிக்கு முதலில் செலவழிப்பதும் சோம்பல் படக்கூடாத வேலைகள்.

● தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உறவு. நீலகிரி அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் எழுந்தது கார்டைட் தொழிற்சாலை. துப்பாக்கியோடும் தமிழ்நாட்டுக்கு உறவு உண்டு: திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது.

● ஏ.கே. 47-ல் போட்டுச் சுடக்கூடிய பிளாஸ்டிக் தோட்டாக்கள் 2017-ல் காஷ்மீரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கு அனுப்பப்பட்டன. கொல்லும் திறன் குறைவு என்றுதான் பெயர். அருகிலிருந்து முகத்திலோ கண்ணிலோ பட்டால் வாழ்க்கையே போய்விடும்.

● 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராட்டத்தின்போது 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். வேன் மேல் ஏறி நின்று நீண்ட தூர ரைஃபிளால் குறிபார்த்த, சீருடை அணியாத காவலரின் படத்தை நாம் மறக்கவில்லை. போருக்கென்று செய்த தோட்டா கூட்டத்துக்குள் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 13 குடும்பங்களே சாட்சி.

● காவலர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்துவது பற்றி 1990-ல் ஐ.நா. ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கின்றன. தேவையற்ற காயம் உண்டாக்கும் தோட்டாக்களையும், தேவையற்ற அபாயம் தரும் தோட்டாக்களையும் காவல்துறை விதிகள் தடை செய்ய வேண்டும். உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரைப் பறிக்கும் நோக்கத்தோடு சுடலாம்.

● பயிற்சி முடிந்ததும் காவலர்கள் தரையில் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, திரும்பிய கூடு எல்லாம் பதிவேட்டில் ஒத்துப்போக வேண்டும். ரோந்துக்குப் போகும் தோட்டாவுக்கும் எண்ணிக்கை உண்டு. நல்ல போலீஸ் தோட்டா, குறி வைத்த இடத்தைத் தாண்டிப் போகாதது. அதைவிட நல்லது, பணி முடிந்து எண்ணிக்கை குறையாமல் ஆயுதக் கிடங்குக்குத் திரும்பி வருவது.