“உன் கவனக்குறைவுதான்”னு சொன்னா, விரலுக்கு இழப்பீடு கிடையாதா?

உங்க பைக், கார்ல இருக்கிற தகட்டு பாகங்கள்ல நிறைய பவர் பிரஸ்ல அடிச்சதுதான். அந்த மெஷின்ல விரல் போனா அடுத்து என்ன நடக்கணும்? இந்த எபிசோடுல அதைத்தான் பார்க்கப்போறோம்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

கீழே ஒரு டை, மேலே ஒரு ராம். நடுவுல தகட்டை வெச்சா, பல டன் அழுத்தத்தோட ராம் இறங்கி ஒரே அடியில வடிவம் கொடுத்துடும். சின்ன யூனிட்கள்ல தகட்டை வைக்கிறதும் எடுக்கிறதும் பெரும்பாலும் கையாலதான்.

பழைய மாடல் பிரஸ்ல பெடலை மிதிச்சாச்சுன்னா, ஒரு முழு சுத்து முடிஞ்சாதான் ராம் நிக்கும். நம்ம பாஷைல சொன்னா, கேன்சல் பட்டனே கிடையாது. அதனால இதுல சென்சார் மாட்டியும் பிரயோஜனம் இல்ல. கை உள்ளே போகாதபடி கார்டு போட்டே ஆகணும். புது பிரஸ்கள்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அரை விநாடிக்குள்ள சேர்த்து அழுத்தினாதான் ராம் இறங்கும். கை பட்டன்ல இருந்தா டைக்குள்ள இருக்காது, அவ்வளவுதான் லாஜிக். ஆனா பீஸ் கணக்கு அழுத்தம் ஏறும்போது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிடுறாங்க.

தப்பு யார் மேல?

அடிபட்டதும் முதல்ல கேட்கிற வார்த்தை, “நீதான் பார்த்து வேலை செஞ்சிருக்கணும்.” சட்டம் அந்தக் கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கல. வேலை நேரத்துல, வேலை காரணமா அடிபட்டுச்சா? பட்டுச்சுன்னா இழப்பீடு உண்டு. சாதாரண கவனக்குறைவு அதைத் தடுக்காது. போதையில இருந்தது, பாதுகாப்புக்குன்னு தெரிஞ்சும் கார்டை வேணும்னே கழட்டினது மாதிரி சில விதிவிலக்குகள் இருக்கு. ஆனா அதை நிறுவனம்தான் நிரூபிக்கணும்.

கணக்கு இப்படித்தான்

1923 இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணையில ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் இருந்துச்சு. கட்டைவிரல் முழுசா போனா 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. ஒரு கையில நாலு விரலும் போனா 50.

25 வயசு, மாசம் 12,000 ரூபா சம்பளம்னு வைங்க. சம்பளத்துல 60 சதவீதம் 7,200. அதை அந்த வயசுக்கான காரணி 216.91-ஆல பெருக்கினா 15,61,752. ஆள்காட்டி விரலுக்கு அதுல 14 சதவீதம், ஏறக்குறைய 2,18,645 ரூபா. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே கணக்கு முறையைத்தான் எடுத்துக்கிட்டிருக்கு.

இ.எஸ்.ஐ. இருந்தா இந்த மொத்தத் தொகை கிடையாது. அதுக்குப் பதிலா சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்துல 90 சதவீதமும் கிடைக்கும். நிரந்தர ஊனம்னா, ஊன சதவீதத்துக்கு ஏத்தபடி ஆயுசு முழுக்க மாசாமாசம் பணம் வரும். வேலையில பட்ட காயத்துக்கு “இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும்”ங்கிற நிபந்தனையும் இல்ல. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

சிக்கல் எங்கே?

சிக்கல் பேப்பர்ல. குருகிராம், மானேசர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிலாளர்களோட வேலை செய்யுற சேஃப் இன் இந்தியா அமைப்பு, 2019-லேர்ந்து வருஷாவருஷம் ‘கிரஷ்ட்’னு அறிக்கை வெளியிடுது. அவங்க பார்த்த காயம்பட்டவங்கள்ல நிறைய பேருக்கு விபத்துக்கு அப்புறம்தான் இ.எஸ்.ஐ. கார்டே கைக்கு வந்திருக்கு. இதே உதிரிபாகத் தொழில் நம்ம ஓசூர், ஒரகடம், அம்பத்தூர்லயும் இருக்கு. அதனால நாமளும் இப்பவே பார்த்து வெச்சுக்கணும்.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது பிரஸ் ஷாப்புக்குப் போறாங்களா? இன்னைக்கே கேளுங்க: இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா? சம்பள ரசீதையும் வருகைப் பதிவையும் போட்டோ எடுத்து வெச்சிருக்காங்களா? அடிபட்டா, ஆஸ்பத்திரி சீட்டுல “வேலை செய்யும்போது மெஷின்ல அடிபட்டது”னு எழுதச் சொல்லுங்க. “வீட்ல வழுக்கி விழுந்தது”னு எழுதிட்டா அப்புறம் மாத்துறது பெரும்பாடு.

“இதை வாங்கிக்க, இனிமே எதுவும் கேட்கமாட்டேன்னு கையெழுத்து போடு”ன்னு நீட்டுவாங்க. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் முதன்மை நிறுவனத்துக்கு இதுல பொறுப்பு உண்டு.

இந்த எபிசோடை பிரஸ் ஷாப்ல வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!