மண் விழுங்கிய எட்டு கார்கள்

2014 பிப்ரவரி 12 அதிகாலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், பௌலிங் கிரீன் நகரில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. ஓடிவந்து பார்த்தால் திருடன் யாரும் இல்லை. கூடத்தின் நடுவே தரையைத்தான் காணோம். சுமார் 9 மீட்டர் ஆழப் பள்ளத்தில் எட்டு கார்வெட் கார்கள் விழுந்து கிடந்தன.

குற்றவாளி, சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையை யுகக்கணக்கில் அரித்துக் குகையாக்குகிறது; குகையின் கூரை இடிந்தால் மேலே உள்ள தரையும் சரிகிறது. உலகின் மிக நீளமான மம்மத் குகையும் இந்த வட்டாரத்தில்தான்.

மேலே தூக்கிய முதல் கார், ‘புளூ டெவில்’ எனப்படும் 2009 மாடல், ஸ்டார்ட் செய்து பார்த்தபோது கிளம்பிவிட்டது! கடைசியாக வந்த கார், கார்தானா என்று கேட்கும்படி நசுங்கியிருந்தது. யோசித்துப் பார்த்து, மூன்றை மட்டும் பழுது பார்ப்பது, ஐந்தை விழுந்த கோலத்திலேயே காட்சிக்கு வைப்பது என்று முடிவானது.

அந்த மூன்றில் ஒன்று, 1992இல் உருவான பத்து லட்சமாவது கார்வெட். பிரித்தபோது, அதை உருவாக்கிய தொழிலாளர்கள் பாகங்களின் உட்புறத்தில் போட்டிருந்த கையெழுத்துகள் தெரிந்தன. புதுப் பாகங்களை மாட்டினால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் கையெழுத்துள்ள பாகங்களை இயன்றவரை காப்பாற்றத்தான் அவ்வளவு பாடும். 2015 செப்டம்பரில் கார் மீண்டும் காட்சிக்கு வந்தது.

அதே மாதிரி வேறு கார் ஏன் போதாது? புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி விடை. எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுப்பதாகச் சொல்லி, ஒரு பெட்டியைச் சின்னக் குழந்தைகளிடம் காட்டினார்கள். சாதாரண பொம்மை என்றால் நகலும் சரி என்றார்கள் குழந்தைகள். தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால் அசல்தான் வேண்டும். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை.

மீதிப் பாதி, உழைப்பு. தானே பூட்டிய பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்பு வைப்பதை மைக்கேல் நார்ட்டன் குழுவினர் 2012இல் காட்டினர். செய்த பொருளைப் பிரித்துப் போட்டால் அந்த மதிப்பு காணாமல் போவதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு, கார் போனால் பாசமும் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஆய்வில் பூட்டியவை சில நிமிட வேலைகள். பழைய காரைத் தானே புதுப்பிப்பவர், துரு நீக்கி, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டுத் தேய்த்து, கிடைக்காத கார்பரேட்டருக்காக ஊர் ஊராக அலைந்த வருடங்கள் வேறு கணக்கு. உடைமைகள் நம் சுயத்தின் நீட்சி என்று ரஸ்ஸல் பெல்க் 1988இல் எழுதியது இத்தகையவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். காப்பீட்டுக்காரர் போடும் கணக்கில் இதெல்லாம் ஏறாது.

அப்படிப்பட்ட காரை இழந்தவருக்கு, “கார்தானே, வேற வாங்கிக்கலாம்” என்பது ஆறுதலாக வரும் அடி. ஊர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டியவர் கென்னத் டோகா. துக்கம் கேட்க யாரும் வராததால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. பழைய கார் சங்கத்து நண்பரிடம் கிரௌன் பினியன் முதல் கதவுப் பிடி வரை விலாவாரியாகப் புலம்புவது, கேட்பவருக்கு அலுப்பூட்டினாலும், சொல்பவருக்கு நல்ல வைத்தியம்.

இன்னொரு வழி புகைப்படம். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கல்லூரி விடுதி மாணவர்களிடம் நினைவுகள் ஒட்டியிருக்கும் பொருள்களைத் தானம் கேட்டார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளில் 613 பொருள்கள் வந்தன. சும்மா கேட்ட விடுதிகளில் 533. மனமுவந்து கொடுப்பதும் பறிகொடுப்பதும் ஒன்றல்லதான். ஆனாலும் பழைய காரைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: திரும்பப் பூட்டும்போது குழப்பம் வரக் கூடாதென்று, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அவர்கள் முன்பே படம் எடுத்திருப்பார்கள்.