மக்ரூனும் கடலை மிட்டாயும்

தூத்துக்குடிக்கு வந்து ஊர் திரும்புவோரில் மக்ரூன் பொட்டலமின்றி ரயிலேறுவோர் சிலரே. அந்த ரயில் கோவில்பட்டியில் நிற்கும்போது கடலை மிட்டாய்ப் பொட்டலமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. தின்பண்டத்தைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். இவ்விரண்டைக் கொண்டே நமது ஜில்லாவில் அநேக குடும்பங்களில் அடுப்பெரிகிறது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

இவ்விரண்டிலும் சேரும் பருப்பு நமது பூர்வீகச் சொத்தன்று. முந்திரி, நிலக்கடலை இரண்டும் தென்னமெரிக்காவில் தோன்றியவை. முந்திரியைப் பிரேஸிலிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துகீசியர். பதினாறாம் நூற்றாண்டில் இம்முத்துக் கரையைப் பற்றியவர்களும் அவர்களே. ஐரோப்பாவின் மக்ரூனுக்குப் பிரதானமானது வாதுமை. தூத்துக்குடியில் அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது, தென்பாண்டியில் நாம் அண்டிப்பருப்பு என்று வழங்கும் முந்திரி. முட்டையின் வெண்கருவை நுரை பொங்க அடித்து, சீனி சேர்த்து, பொடித்த பருப்பைக் கலந்து, காகிதக் கூம்பின் வழியே சுழித்துப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வாட்டுகிறார்கள். மூன்றே சரக்கு, மாவு என்பது கிடையாது. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பறித்த டச்சுக்காரரும், 1825-இல் அதைப் பெற்ற ஆங்கிலேயரும் போயினர். முத்துக்குளிப்பும் 1961-க்குப் பின் ஓய்ந்துவிட்டது. மக்ரூன் அடுப்பு அணையவில்லை.

கடலை மிட்டாயின் சங்கதி வேறு. கரிசற் சீமைக் கடலையை வறுத்து, தோல் நீக்கிப் புடைத்து, வெல்லப் பாகிற் கொட்டிக் கிளறி, அரிசிமாவு தூவிய பலகையிற் பரப்பித் துண்டு போடுகிறார்கள். சொல்வதற்கு எளிது. பாகிலேதான் சூக்ஷ்மம் இருக்கிறது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் அது கடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பதம் சிறிது கடந்தாலோ கசக்கும். கடிகாரத்தைப் பார்த்து இதைக் கற்க இயலாது. பல்லாண்டு அடுப்பண்டை நின்றவரே அறிவார்.

1999-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2003-இல் அமுலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020 ஏப்ரலிற் பதிவாயிற்று. ஊரெல்லாம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் வக்கீல் தொழிலின் பழக்கம் சும்மா இருக்க விடவில்லை. விதிகளை எடுத்துப் படித்தோம். அப்பெயரை உபயோகிக்கும் பிரத்தியேக உரிமை, அங்கீகாரம் பெற்ற உபயோகஸ்தராகத் தம்மைத் தனியே பதிந்துகொண்டவருக்கே உண்டு. சரக்கின் தரத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டைப் பற்றி விண்ணப்பத்தில் விவரிக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. அவ்விடத்தில் 'இருந்தால்' என்று ஒரு சொல்லும் இருக்கிறது! சோதனை இல்லாவிடினும் பதிவு கிடைக்கும் என்பதே அதன் தாத்பரியம்.

ஸ்பெயின் தேசத்தில் ஹிஹோனா என்னும் சிற்றூரில் வாதுமையும் தேனும் சேர்த்து ஒரு மிட்டாய் செய்கிறார்கள். அதன் பெயரையும் சட்டம் காக்கிறது. ஆனால் அங்கே அதற்கென்று ஓர் ஒழுங்குக் குழு உண்டு. அந்தப் பெயரைத் தாங்கும் சரக்கைப் பரிசோதித்து முத்திரை தருவது அதன் வேலை. இங்கே வேற்றூரான் ஒருவன் சொத்தைக் கடலையையும் மலிவுப் பாகையும் சேர்த்துக் 'கோவில்பட்டி' என்று தாளில் அச்சிட்டு விற்பானாயின், அவனைக் கண்டுபிடிப்பவர் யார்? நல்ல வெல்லத்துக்கு விலை கொடுத்த குடிசைத் தொழிலாளி, கோர்ட்டுக்குப் போக ஒரு நாள் கூலியை இழப்பானா? நஷ்டம் அவனுக்கு, பெயரோ ஊருக்கு.

கோவில்பட்டி உற்பத்தியாளர்களுக்கு நாம் சொல்வதையே தூத்துக்குடி ரொட்டிக்கடைக்காரர்களுக்கும் சொல்லுகிறோம். சரக்கையும் அளவையும் பதத்தையும் தாங்களே கூடி எழுத்தில் வரையறுத்து, சோதிப்பவர் ஒருவரையும் தாங்களே நியமிப்பாராக. இரண்டு அடுப்பு வைத்திருப்பவர் அச்செலவைத் தாங்கமாட்டார். அவர் பங்கையும் உபயோகஸ்தர் பதிவுக் கட்டணத்தையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.